கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்

(கல்விக் கழக வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கல்விக்குத் துணை நின்ற இக்கழகத்தின் வெள்ளி விழாவில் பேசக் கிடைத்த வாய்ப்பைப் பெரும்பேறாகக் கருதுகிறேன். 'சிறு தொழிலும் கணக்கு மென்பொருளும்' என்பது எனக்குக் கொடுக்கப்பட்டுள்ள பொருள். நான் வரலாறு படித்துப் பள்ளியில் பாடம் நடத்துகிறவன்; வணிகம் செய்தவன் அல்லன். ஆயினும் என்னிடம் படித்த மாணவர்கள் சிலர் இன்று ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் காலணியின் மேற்பாகம் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறைகளை நடத்தி வருகிறார்கள். அவர்களுடைய உயர்வையும் இடர்ப்பாட்டையும் அருகிலிருந்து பார்த்தவன் என்ற உரிமையில் சில சொற்கள் கூற விழைகிறேன்.

நம் பாட்டன்மார் காலத்தில் கணக்கு என்பது பிறர் கையில் இருந்த பொருள். பண்ணையில் வாங்கிய நெல்லுக்கும், தோல் பதனிடும் இடத்தில் வாங்கிய முன்பணத்துக்கும் கணக்கு எழுதியவர் ஒருவர். அதன் கீழே கைநாட்டு வைத்தவர் மற்றொருவர். எழுதியது என்ன என்று கைநாட்டு வைத்தவருக்குத் தெரியாது. கொடுத்த பணம் வட்டியில் வரவு வைக்கப்பட்டதா, முதலில் வரவு வைக்கப்பட்டதா என்று அவர் கேட்கவும் இயலாது. தீராத அந்தக் கடன் தந்தைக்குப் பின் மகன் தலையிலும் ஏறியது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடன்களைச் செல்லாதவை ஆக்கிற்று. ஊரின் நிலக்கணக்கைப் பெரும்பாலும் ஒரு சில குடும்பங்களே வைத்திருந்த கர்ணம் பதவியும் 1980 நவம்பரில் தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டது. இவை நான் பள்ளிச் சிறுவனாக இருந்த காலத்து நிகழ்ச்சிகள். நெடுங்காலத்துக்கு முந்தியவை அல்ல.

நம் முன்னோடிகள் கணக்கின் ஆற்றலை நன்கு உணர்ந்திருந்தார்கள். இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்குவதற்கு முன்னர் நீலகிரியில் வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பணிபுரிந்தவர். அண்ணல் அம்பேத்கர் 1923இல் வெளியிட்ட ஆங்கில நூல் இந்திய ரூபாயின் சிக்கலைப் பற்றியது. பணம் எவ்வாறு வருகிறது, எவ்வாறு போகிறது என்று அறியாத சமுதாயம் உரிமை பெற்றும் வறுமையில் இருக்க நேரும் என்பதை அவர்கள் வாழ்க்கையிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

இனிப் பொருளுக்கு வருகிறேன். கணக்கு மென்பொருள் என்றதும் ஏதோ புதிய வித்தை என்று அஞ்ச வேண்டுவதில்லை. இத்தாலி நாட்டுத் துறவியும் கணித ஆசிரியருமான லூக்கா பசியோலி 1494இல் வெனிஸ் நகரில் அச்சேற்றிய நூலில் விளக்கிய இரட்டைப் பதிவு முறைதான் இன்றும் கணினிக்குள் இருக்கிறது. ஆயிரம் ரூபாய் கொடுத்து நூற்கண்டு வாங்கினால் ரொக்கம் ஆயிரம் குறைந்தது. சரக்கு ஆயிரம் கூடிற்று. ஒரு நிகழ்ச்சியை இரண்டு இடத்தில் எழுதுவதால் ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சியாகிறது. முன்பு குறிப்பேட்டில் எழுதி, பேரேட்டில் எடுத்தெழுதி, இருப்பாய்வு போட்டு, இலாப நட்டக் கணக்குக்கு வர நாட்கணக்காகும். இன்று ஒரு முறை பதிந்தால் மற்றவற்றைக் கணினியே செய்து முடிக்கிறது.

நம் நாட்டுச் சிறு வணிகரிடையே பெரிதும் வழங்கும் 'டாலி' மென்பொருளின் பிறப்பே இதற்கு நல்ல சான்று. பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற வணிகர் ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திரப் பாகங்களும் விற்று வந்தார். தம் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்கவில்லை என்பதால் தம் மகன் பரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். அவ்வாறு 1986இல் தொடங்கிய முயற்சியே பின்னர் நாடெங்கும் பரவியது. தன் தொழிலின் நிலையைத் தானே அறிய வேண்டும் என்ற தேவையிலிருந்து அது பிறந்தது என்பதைக் கருத்தில் கொள்ளுங்கள்.

நம் பட்டறைகளுக்கு அது வந்த வழி வேறு. 2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. வரிப்பதிவு பெற்றவர்கள் தம் விற்பனைப் பட்டியல்களை இணையத்தின் வழியே அரசுக்குத் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அடுத்து, விற்றவர் அவ்வாறு பதிவேற்றிய பட்டியலுக்கு மட்டுமே வாங்கியவர் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்ற விதி 2022 ஜனவரி முதல் வந்தது. எனவே வேலை கொடுக்கும் பெரிய நிறுவனங்கள், "கணினியில் பட்டியல் போட்டுக் காலத்தில் பதிவேற்றாவிட்டால் உமக்கு வேலை இல்லை" என்று சொல்லத் தொடங்கின. ஆகவே நம்மவர்கள் மென்பொருளை வாங்கினார்கள். அரசுக்கு அஞ்சி வாங்கினார்கள். வேலை போய்விடுமே என்று அஞ்சியும் வாங்கினார்கள். தம் தொழிலை அறிந்துகொள்வதற்காக வாங்கியவர் மிகச் சிலரே.

இதன் விளைவை ஒரு மாணவரின் அனுபவத்தால் விளக்குகிறேன். அவர் இருபது தையல் இயந்திரங்களுடன் பட்டறை வைத்திருக்கிறார். வேலைக்குக் குறைவில்லை, இரவிலும் விளக்கு எரியும். ஆனால் சனிக்கிழமை தோறும் கூலி கொடுக்க வட்டிக்குக் கடன் வாங்குவார். "கணக்கு வைத்திருக்கிறாயா?" என்று கேட்டேன். "டாலியில் இருக்கிறது ஐயா" என்றார். எங்கே என்றேன். நகரத்தில் ஒருவர் மாதச் சம்பளத்துக்குப் பல பட்டறைகளின் கணக்கை எழுதுகிறாராம். மாத இறுதியில் பட்டியல்களையும் சீட்டுகளையும் ஒரு பையில் போட்டு அவரிடம் கொடுத்துவிடுவாராம். கணினியும் அவரிடம், கடவுச்சொல்லும் அவரிடம். கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு மாணவரின் பொறுப்பு முடிந்துவிடும்.

அன்பர்களே, எனக்கு உடனே பழைய கைநாட்டுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் கணக்கர் நேர்மையானவர். அவர்மீது குறை சொல்ல எனக்கு ஏதுமில்லை. ஆயினும் ஏட்டிலிருந்து கணினிக்கு மாறிய பின்னரும் கணக்கு பிறர் கையிலேயே இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அம்மாணவரின் துணைவியார் பன்னிரண்டாம் வகுப்பு வரை வணிகவியல் படித்தவர். அவரைக் கணக்கில் அமரச் செய்யுமாறு சொன்னேன். நாள்தோறும் பட்டறை மூடுமுன் அரை மணி நேரம் அவர் பதிவு செய்தார். கணக்கர் வாரம் ஒரு நாள் வந்து திருத்திக் கொடுத்தார். மூன்று மாதங்களில் இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன.

முதலாவது, நிலுவை. யார் எவ்வளவு தரவேண்டும் என்பது மாணவருக்கு மனப்பாடம். எத்தனை நாளாகத் தரவில்லை என்பது தெரியாது. பட்டியல்வாரியாக, நாள்வாரியாகப் பார்த்தபோது ஒரு நிறுவனம் நான்கு மாதத் தொகையை நிறுத்தி வைத்திருந்தது தெரிந்தது. இவர் வட்டிக்கு வாங்கிய கடன் இவருடைய சொந்தப் பணத்துக்கு ஈடாக வாங்கியதே. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 என்று ஒரு சட்டம் உண்டு. பதிவு பெற்ற குறு, சிறு தொழில்களுக்குரிய தொகையை ஒப்பந்தம் எதுவாயினும் 45 நாட்களுக்கு மேல் நிறுத்தி வைக்கக் கூடாது; தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி தரவேண்டும் என்று அது கூறுகிறது. பட்டியல் எண்ணும் தேதியும் குறித்துச் சட்டத்தையும் சுட்டி மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார்கள். பணம் தவணையில் வந்து சேர்ந்தது. கணக்கு இல்லாதிருந்தால் அந்தச் சட்டம் அவருக்கு எவ்வாறு உதவியிருக்கும்?

இரண்டாவது, பிடித்தம். ஒரு ஜோடிக்குத் தையற்கூலி 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆள்கூலி, நூல், பசை, மின்சாரம், வாடகை, வண்டிச் சத்தம் எல்லாம் சேர்ந்து 54 ரூபாய். மிச்சம் 6 ரூபாய். நூறு ஜோடிக்கு 600 ரூபாய் ஆதாயம். ஆனால் அந்த நூறில் இரண்டு ஜோடி கெட்டுப்போய், தோலின் விலையாக ஜோடிக்கு 300 ரூபாய் நிறுவனம் பிடித்துக்கொண்டால் ஆதாயம் முழுதும் போயிற்று. கெட்ட இரண்டுக்குக் கூலியும் வராது, ஆகவே கைநட்டம். மாணவர் கைக்கு வந்த தொகையை மட்டும் வரவாக எழுதச் சொல்லியிருந்தார்; பிடித்தம் கணக்கிலேயே இல்லை. பட்டியலின் முழுத் தொகையையும் எழுதி, பிடித்தத்தைத் தனித் தலைப்பில் எழுதிய பின்னரே ஒரு குறிப்பிட்ட மாதிரியில் தையல் அடிக்கடி கெடுவது புலப்பட்டது. அந்த மாதிரிக்குக் கூலியை உயர்த்திக் கேட்டார். கொடுக்க மறுத்ததால் அவ்வேலையைக் கைவிட்டார். இன்று சனிக்கிழமைக் கடன் அவருக்கு இல்லை.

மென்பொருள் பொய்யையும் மெய்யையும் ஒரே வேகத்தில் கூட்டிக் காட்டும். எழுதாத செலவை அது அறியாது. ஆதலின் தொழில் தொடங்கும் இளைஞர்கள் சில பழக்கங்களை மேற்கொள்ள வேண்டுகிறேன். முதலில் மூன்று மாதம் ஒரு சாதாரண ரொக்க ஏட்டில் அன்றாட வரவு செலவை எழுதுங்கள். அந்தப் பழக்கம் வராதவருக்கு விலையுயர்ந்த மென்பொருளும் பயன்படாது. தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு வையுங்கள். வீட்டு அரிசிக்கும் பிள்ளையின் காதுகுத்துக்கும் எடுத்த பணத்தைச் சொந்த எடுப்பு என்று எழுதுங்கள். கைப்பேசி வழியே வரும் பணத்தையும் விடாமல் பதியுங்கள். மாதம் ஒரு முறை வங்கிக் குறிப்புடன் ஒப்பிடுங்கள். கடவுச்சொல் உரிமையாளரிடம் இருக்கட்டும். வாரம் ஒரு காப்புப் படி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். மாதம் ஐந்தாம் தேதிக்குள் கையிருப்பு, வரவேண்டியது, கொடுக்கவேண்டியது, இலாபம் ஆகிய நான்கையும் நீங்களே பார்த்துக் கணக்கரைக் கேள்வி கேளுங்கள்.

"கணக்கு வைத்தால் வரி வந்துவிடும்" என்று பெரியோர் சிலர் அஞ்சுகிறார்கள். மாநிலத்துக்குள் சரக்கு மட்டும் விற்பவர்க்கு ஆண்டு விற்றுமுதல் 40 இலட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு கட்டாயம். சேவைக்கு 20 இலட்சம். பிறர் பொருளைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது சேவை என்றே கொள்ளப்படும். எல்லையைத் தாண்டினோமா இல்லையா என்று அறியவே கணக்குத் தேவை. அறியாமல் தாண்டியவர்தான் தண்டத்துக்கு ஆளாகிறார்.

கணக்கில்லாமையால் நாம் இழப்பது இன்னும் பெரிது. 1974இல் தோன்றிய தாட்கோ இருக்கிறது. 2023இல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் முதலீட்டில் 35 விழுக்காடு, ஒன்றரைக் கோடி ரூபாய் வரையில் மானியம் உண்டு. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடமிருந்து பெறவேண்டும் என்பது கொள்கை. ஆயினும் நடந்துகொண்டிருக்கும் தொழிலை விரிவாக்க வங்கிக்குப் போனால் மேலாளர் முதலில் கேட்பது வங்கிக் குறிப்பும் வரிப்படிவமும் இருப்புநிலைக் குறிப்பும்தான். அப்போது அவசரமாக ஒருவரைப் பிடித்து இல்லாத இலாபத்தை எழுதி வாங்குவோர் உண்டு. கடன் கிடைக்கலாம்; அந்தப் பொய் இலாபத்தின் அளவுக்குத் தவணை வரும்போது எங்கிருந்து கட்டுவது? ஓராண்டின் உண்மைக் கணக்கு, சிறியதாயினும், உங்களுக்காக வாதாடும்.

இறுதியாகக் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூலிலேயே கணினிமயக் கணக்கியல் ஒரு பாடமாக உள்ளது. அதைத் தேர்வுக்குப் படித்த பெண்களும் ஆண்களும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். கழகக் கட்டடத்தில் இரண்டு கணினிகளை வைத்து, வாரம் இரு மாலை அவர்களுக்குப் பயிற்சி அளியுங்கள். நம் பட்டறைக்காரர் ஒவ்வொருவரும் தம் சீட்டுப் பையுடன் அங்கு வரட்டும். பிள்ளைகள் அவர் எதிரில், அவர் பார்க்க, பதியட்டும். பிள்ளைக்குத் தொழில் கிடைக்கும். பெரியவருக்குக் கண் திறக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் உடனிருந்து உதவ நான் அணியமாக இருக்கிறேன்.

கைநாட்டு வைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். கையெழுத்துப் போடக் கற்றது முதற்படி. கையெழுத்துக்கு மேலே எழுதியிருப்பதைப் படித்து, தவறென்றால் திருத்தக் கற்பது அடுத்த படி. அந்தப் படியில் நம் பிள்ளைகள் ஏறுவதற்கு இக்கழகம் துணை நிற்கட்டும்.