வண்டியை ஒப்படைத்தால் கடன் தீருமா?
(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். நான் இன்று நம்ம குழு நோட்டில் வராத ஒரு கடனைப் பற்றிப் பேசுகிறேன். மகனோ, மருமகனோ, வீட்டுக்காரரோ வாடகைக்கு ஓட்ட பைனான்ஸில் கார் எடுக்கிறார்கள். ஜாமீன் கையெழுத்து யாருடையது? பல வீட்டில் நம்முடையதுதான்.

சவாரி குறைகிறது. இரண்டு மூன்று தவணை நிற்கிறது. "வண்டியை நீங்களே கொண்டுவந்து விட்டுடுங்கம்மா, பிரச்சினை முடிஞ்சிடும்" என்று வசூலுக்கு வருகிறவர் சொல்கிறார். எங்கள் பகுதியில் ஒரு அக்கா வீட்டிலும் அப்படித்தான் விட்டார்கள். நாலு மாதம் கழித்து நோட்டீஸோடு என்னிடம் வந்தார். "வண்டியும் போச்சு. இன்னும் எதுக்குப் பணம் கேக்குறாங்க?" என்றார்.

இதற்குப் பதில் கணக்கில் இருக்கிறது. ஓர் உதாரணம் பார்ப்போம். அசல் பாக்கி 4,60,000 ரூபாய். நின்ற தவணையின் வட்டி, அபராதக் கட்டணம் 40,000. ஆக மொத்தம் 5,00,000. வண்டி ஏலத்தில் 3,20,000-க்குப் போகிறது. யார்டு வாடகை, ஏலச் செலவு 15,000. வரவு வைப்பது 3,05,000 மட்டுமே. மீதி 1,95,000 ரூபாய் நம் தலையில்தான். கடன் வண்டியின் மேல் மட்டும் இல்லை, கையெழுத்துப் போட்ட ஆளின் மேலும் இருக்கிறது.

ஜாமீன்தாரரும் தப்ப முடியாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128-படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. சிபில் பதிவிலும் இது ஏறும். நாமே விட்டோம் என்பதற்காகப் பதிவு சுத்தமாக இருக்காது. நாளைக்கு மகளின் கல்விக் கடனுக்குச் சேர்ந்து கையெழுத்துப் போடும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

அப்படியென்றால் ஒப்படைக்கவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. வண்டி தூக்கும் செலவு மிச்சம், தெருவில் நடக்கும் அவமானம் மிச்சம். ஆனால் அது கடைசி வழி. முதல் தவணை நின்றதுமே கிளைக்குப் போய், தவணைக் காலத்தை நீட்டிக் கேளுங்கள். முடியாவிட்டால், நிறுவனத்தின் எழுத்துச் சம்மதத்தோடு நீங்களே ஆள் பார்த்து விற்க முயலுங்கள். பெரும்பாலும் ஏல விலையைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்.

விடத்தான் வேண்டும் என்றால், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர், டயர், பேட்டரி நிலை எழுதி, முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். அதற்குப் பிறகு அந்த வண்டியால் ஏதாவது நடந்தால், அந்தத் தேதிதான் உங்களுக்குச் சாட்சி. பாஸ்டேக்கை மூடிவிடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

விற்கும் முன் பணம் கட்ட கடைசி வாய்ப்புத் தர வேண்டும் என்று நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. அதைக் கேளுங்கள். விற்ற பிறகு விலை, செலவு, மீதி மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மீதியைக் குறைத்துப் பேசி முடித்தால் பதிவில் "செட்டில்டு" என்று வரும். முழுதும் கட்டினால்தான் "குளோஸ்டு". இரண்டும் ஒன்றில்லை. எப்படி முடித்தாலும் பாக்கி இல்லை என்ற சான்று கையில் இருக்கட்டும்.

காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூல் ஆட்கள் போன் செய்யக் கூடாது. மிரட்டினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.

அந்த அக்காவும் விற்பனைக் கணக்கை எழுத்தில் கேட்டார். யார்டு வாடகையில் கொஞ்சம் குறைத்தார்கள். மீதியை மாதாமாதம் கட்டி வருகிறார்.

ஒரே ஒரு வேண்டுகோள். குழுவில் ஐயாயிரம் ரூபாய் உள்கடன் கொடுக்கவே பத்துப் பேர் உட்கார்ந்து பேசுகிறோம், தீர்மானம் எழுதுகிறோம். ஐந்து லட்சத்துக்கு ஜாமீன் போடும் முன் அந்தக் காகிதத்தையும் குழுக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். சேர்ந்து படிப்போம்.