மாத்திரை போட்டால் வயல்வேலை செய்யலாமா?

(புள்ளலூர் தம்பதியர் கூட்டத்திற்கான பேச்சு)



"கர்ப்பத்தடை மாத்திரை போட்டா உடம்பு தளர்ந்துடும், குனிஞ்சு நாத்து நட முடியாது" என்று சிலர் சொல்வதுண்டு. இதை நம்பி மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால், வேண்டாத சமயத்தில் கரு தங்கிவிடும். உண்மை என்ன?

விளையாட்டு வீராங்கனைகள் பலரும் இம்மாத்திரையை உட்கொள்கிறார்கள். பல ஆய்வுகளைத் திரட்டி 2020-ல் வெளியான முடிவின்படி, இதனால் பெண்ணின் உடல்திறனில் வரும் வித்தியாசம் சராசரியாக மிக அற்பமே. ஆகவே நடவு, களையெடுப்பு, குடம் தூக்குவது எதையும் நிறுத்த வேண்டாம்.

பின் ஏன் மூச்சு வாங்குது? பெரும்பாலும் இரத்தசோகைதான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை உண்டு. மாத்திரையோ மாதவிலக்கில் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது. அரசு இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். அதில் 21 கர்ப்பத்தடைக்கு, 7 இரும்புச்சத்துக்கு. அந்த ஏழையும் தூக்கிப் போட்டுடாதீங்க!

முதல் மூன்று மாதம் குமட்டல், தலைவலி இருக்கலாம். இரவு சாப்பிட்டபின் போட்டால் காலை வேலைக்குத் தொந்தரவு குறையும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியில் சிலருக்கு எடை கூடும். எலும்பின் அடர்த்தி சற்றுக் குறையும், ஊசியை நிறுத்தினால் தேறும். நடையும் உழைப்பும் கேழ்வரகும் கீரையும் எலும்புக்கு நல்லது.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். வேலை செய்த அலுப்பு இரண்டு காலிலும் இருக்கும், ஓய்வெடுத்தால் தணியும். மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஒரே காலில் ஆடுசதை வீங்கி வலித்தால் அது இரத்தக்கட்டாக இருக்கலாம். மிகச் சிலருக்கே வரும். வந்தால் உயிருக்கே ஆபத்து. எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், கடும் தலைவலி, கண் மங்கல் இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள், முன்பு இரத்தக்கட்டு வந்தவர்கள், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள் இம்மாத்திரையைச் சாப்பிடக் கூடாது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் வேறு முறை கேளுங்கள்.

சகோதரர்களே! மனைவி "கால் வலிக்குது" என்றால், "நடவு நட்ட வலிதான்" என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு காலா, இரு காலா என்று கேளுங்கள். அந்தக் கேள்வி ஓர் உயிரைக் காக்கும்.