அஞ்சு ரூபாய்க் காசும் ஒரு பிளேடும்



"புல் வெட்டுற மெஷினுக்கு ஒரு பிளேடு குடுங்க தம்பி."

"எத்தனை பல்லுங்ணா? ஓட்டை என்ன சைஸு?"

"அதெல்லாம் தெரியாது. சிவப்புக் கலர் மெஷின்."

உதிரி பாகக் கடையில் நான் சொன்ன பதில் இது. கடைக்காரத் தம்பி சிரிக்கவில்லை. தினமும் நாலு பேர் இப்படித்தான் கேட்பார்கள் போலிருக்கிறது. சுவரில் தொங்கியதில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். பளபளவென்று இருக்கிறதே என்று நானும் வாங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை வரப்பில் இறங்கி, ஆக்சிலேட்டரைப் பாதி கொடுத்துப் பத்து நிமிஷம் ஓட்டியிருப்பேன். இரண்டு கையும் மரத்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து காப்பி டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கிக் காப்பி தளும்புகிறது. இன்ஜினில்தான் கோளாறு என்று மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் இன்ஜினைத் தொடவே இல்லை. நட்டைத் தளர்த்தி, பிளேடை விரலால் இப்படியும் அப்படியும் தள்ளிக் காட்டினார். அது தாராளமாக நகர்ந்தது.

பிரஷ் கட்டர் என்கிற இந்தப் புல் வெட்டும் மெஷினில் பிளேடு உட்காரும் இடத்தில் வட்டமாக ஒரு சின்ன மேடு இருக்கும். பிளேடின் நடு ஓட்டை அந்த மேட்டில் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். பிளேடை மையத்தில் நிறுத்துவது அந்த மேடுதான். நட்டின் வேலை அமுக்கிப் பிடிப்பது மட்டும். சந்தையில் அதிகம் கிடைக்கும் பிளேடுகளுக்கு ஓட்டை 25.4 மில்லிமீட்டர், அதாவது சரியாக ஓர் அங்குலம். சில கம்பெனி மெஷின்களில் அந்த மேடு 20 மில்லிமீட்டர். என் மெஷின் இந்த இரண்டாவது ரகம். வாங்கி மாட்டியதோ அங்குல ஓட்டை.

வித்தியாசம் அஞ்சு மில்லிமீட்டர் சொச்சம்தானே, நட்டை நன்றாக முறுக்கினால் போச்சு என்று தோன்றும். பிளேடு ஒரு பக்கம் ஒதுங்கினால் மையம் 2.7 மில்லிமீட்டர் வரை விலகும். 400 கிராம் எடையுள்ள பிளேடு நிமிஷத்துக்கு 8,000 சுற்றுச் சுற்றும்போது, அந்த விலகல் கொடுக்கும் இழுப்பைக் கணக்குப் போட்டால் 75 கிலோவுக்கு மேல் வருகிறது. ஓர் ஆளைக் குழாயின் நுனியில் கட்டி, நொடிக்கு நூற்றுச் சொச்சம் தடவை எல்லாப் பக்கமும் இழுப்பது மாதிரி. வேகம் பாதியானால் இழுப்பு கால்வாசியாகிவிடும். நான் பாதி ஆக்சிலேட்டரில் ஓட்டியதால்தான் கை மரத்ததோடு போயிற்று.

சிலர் இந்த இடைவெளியில் தகரத்தை வெட்டிச் சுற்றி அடைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 255 மில்லிமீட்டர் பிளேடின் விளிம்பு அந்த 8,000 சுற்றில் மணிக்கு 380 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தகரம் நசுங்கிப் பிளேடு ஒதுங்கினால் நின்று யோசிக்க நேரம் இருக்காது.

அளக்க வெர்னியர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் சட்டைப் பையில் ஓர் அஞ்சு ரூபாய்க் காசு இருக்கும். அந்த மஞ்சள் காசு 20 மில்லிமீட்டரைவிடப் பெரியது, அங்குலத்தைவிடச் சின்னது. பிளேடு ஓட்டைக்குள் காசு விழுந்தால் அது அங்குல ஓட்டை. விழாமல் மேலேயே நின்றால் 20. இதைச் சொல்லிக் கொடுத்தவரும் அந்த மெக்கானிக்தான். அன்றைக்குக் கூலி வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்தது நட்டு. முதல் தடவை நானே கழற்றப் போய், வழக்கம்போல இடது பக்கம் திருப்பித் திருப்பி ஸ்பேனரே வழுக்கி, நட்டின் முனை மழுங்கிவிட்டது. பெரும்பாலான பிரஷ் கட்டரில் இது இடது மரை. மெக்கானிக்குகள் லெப்ட் திரெட் என்பார்கள். பிளேடு சுற்றும் திசையில் நட்டு தானாகத் தளராமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். கழற்ற வலது பக்கம் திருப்ப வேண்டும். புது நட்டு வாங்கும்போது இதைச் சொல்லாவிட்டால் இரும்புக் கடையில் சாதா மரை நட்டைத்தான் எடுத்துத் தருவார்கள். அது மாட்டவே மாட்டாது. பலத்தைக் காட்டி ஏற்றினால் தண்டின் மரையும் சேர்ந்து போகும். அப்புறம் செலவு நட்டோடு நிற்காது. உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டாக இருந்து, கையாலேயே சுலபமாகத் திருக முடிகிறது என்றால் அந்த வளையம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மாற்றிவிடுங்கள்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணனுடைய கதை வேறு மாதிரி. அவருடையது 52 சிசி என்று பெரிய எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டிய மெஷின். பிஸ்டன் ரிங் போய்விட்டது. ஸ்டிக்கரைப் படித்துவிட்டு 44 மில்லிமீட்டர் ரிங் வாங்கி வந்தார். உள்ளே நுழையவே இல்லை. இன்ஜினின் அடியில் மண்ணைச் சுரண்டிப் பார்த்தால் 1இ40எப்-5 என்று வார்த்திருந்தது. இதைப் படிக்கத் தெரிந்தால் போதும். முதலில் உள்ள 1 என்றால் ஒரு சிலிண்டர், 40 என்றால் சிலிண்டரின் உள் அளவு 40 மில்லிமீட்டர். அது கிட்டத்தட்ட 43 சிசி இன்ஜின். 52 சிசிக்கு அந்த இடத்தில் 44 என்று இருக்கும். சீனாவில் செய்யும் இந்த இரண்டு இன்ஜின்களும் எத்தனையோ பெயரில், எத்தனையோ கலரில் நம் ஊருக்கு வருகின்றன. அதனால் பெயரைச் சொல்லி ஸ்பேர் கேட்பதில் பிரயோஜனம் இல்லை. வார்ப்பில் உள்ள நம்பரைச் சொன்னால் முகம் தெரியாத கடையிலும் சரியான சாமான் கிடைக்கும்.

கியர் பாக்ஸ் வாங்கும்போது இரண்டு அளவு வேண்டும். குழாயின் வெளிச் சுற்றளவைக் கேட்க மாட்டார்கள், குறுக்களவைத்தான் கேட்பார்கள். பெரும்பாலும் 26 அல்லது 28 மில்லிமீட்டர். இன்னொன்று, உள்ளே ஓடும் கம்பியின் நுனியில் உள்ள பற்கள். துணியால் கிரீஸைத் துடைத்துவிட்டு எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் 7 இருக்கும் அல்லது 9 இருக்கும். எண்ணத் தொடங்கும் பல்லில் சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் எட்டு என்று வரும். எனக்கு வந்தது.

ஸ்பார்க் பிளக்கில் மரை ஒன்றாக இருந்தாலும் நீளம் ஒன்றாக இருக்காது. இந்த டூ ஸ்ட்ரோக் மெஷின்களில் பலவற்றுக்கு மரைப் பகுதியின் நீளம் 9.5 மில்லிமீட்டர். அதே 14 மில்லிமீட்டர் மரையில் 19 மில்லிமீட்டர் நீளமுள்ள கார் பிளக்கும் இருக்கிறது. அழகாகத் திருகி உள்ளே போகும். கயிற்றை இழுத்தால் பிஸ்டன் மேலே வந்து அதில் இடிக்கும்.

எல்லாவற்றுக்கும் கம்பெனி ஸ்பேர்தான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஏர் பில்டர் பஞ்சு, ஸ்டார்ட்டர் கயிறு, கைப்பிடி ரப்பர் இதெல்லாம் அளவு பொருந்தினால் எங்கே வாங்கினால் என்ன? பிளேடுக்குப் பதிலாகப் புல் வெட்ட மாட்டும் நைலான் கயிறு கூட அப்படித்தான். தலைப்பகுதியில் எழுதியிருக்கும் தடிமனுக்கு மேல் போகாமல் இருந்தால் சரி. பழைய கயிறு பொட்டுப் பொட்டென்று ஒடிந்தால் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுங்கள், நைலான் ஈரம் குடித்து வளைந்து கொடுக்கும். காசை மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் பிளேடும் அதைப் பிடித்திருக்கும் நட்டும் வளையமும். நல்ல பிளேடில் அது தாங்கும் சுற்று வேகம் பொறித்திருக்கும். ஒன்றுமே எழுதாத பிளேடை விலை குறைவு என்று எடுக்காதீர்கள். அந்த எண் உங்கள் மெஷின் பிளேடைச் சுற்றும் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் கடைகளில் தொங்குகிறது. சங்கிலித் துண்டுகளைக் கோத்த தலை, முள்ளுச் செடிக்கு நல்லது என்பார்கள். இப்படிக் கோத்த உலோகத் துண்டுகள் உள்ள தலைகளைக் கையால் பிடித்து ஓட்டும் பிரஷ் கட்டருக்கு விற்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் தடை போட்டது. ஓர் உயிர் போன பிறகு வந்த தடை அது. ஒரு கண்ணி அறுந்தால் அது துப்பாக்கிக் குண்டு மாதிரிதான் போகும். மாட்டுக்குப் புல் அறுக்கிற இடத்தில் குழந்தைகள் நிற்பார்கள்.

இப்போது என் மாட்டுக்கொட்டகைக் கதவின் உள்பக்கம் பெயின்ட்டால் நாலு வரி எழுதி வைத்திருக்கிறேன்: பிளேடு ஓட்டை, நட்டின் மரை, கம்பியின் பல், பிளக் நம்பர். போனிலும் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனாலும் பழைய சாமானைப் பையில் போட்டு எடுத்துப் போவதை விடவில்லை.

போன மாதம் அதே கடைக்குப் போனேன். அதே தம்பி. கோ-4 புல் அறுக்க 80 பல் பிளேடு, 20 ஓட்டை என்றேன். அவர் எடுத்து வைத்ததும் பையிலிருந்து காசை எடுத்து ஓட்டையின் மேல் போட்டேன். உள்ளே விழவில்லை, மேலேயே நின்றது. பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் தன் கையில் இருந்த பிளேடை என் பக்கம் நீட்டி, "அந்தக் காச இதுலயும் ஒருக்காப் போட்டுப் பாருங்க தம்பி" என்றார். போட்டேன். சிமென்ட் தரையில் ணங்கென்று விழுந்து உருண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டது.

"உங்க மெஷினு என்ன அளவுங்க?" என்று கேட்டேன்.

"பச்சைக் கலர்" என்றார்.