மர வீடு கட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லுவார்கள். கொடைக்கானல் பக்கம் உருட்டுக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், "நம்ம தோட்டத்திலேயும்தான் மரம் நிற்குது. வெட்டி இப்படி ஒரு வீடு கட்டினால் என்ன?" என்று கேட்கிறார்கள். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் பல வருஷம் சேர்த்த பணம் அதில் போகிறது. அந்தக் கூரைக்கு அடியில்தான் பிள்ளைகுட்டிகள் படுத்துத் தூங்கப்போகிறார்கள். ஆகவே கோடரியை எடுக்குமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரஷ்யா, பின்லாந்து, நார்வே போன்ற குளிர்நாடுகளில் பைன் மரம் தூண் மாதிரி நேராக வளருகிறது. அந்தத் தடித்த கட்டைச் சுவர் குளிரைத் தடுக்கிறது. நம் மதுரைச் சமவெளியில் அந்தக் குளிரும் இல்லை, அந்த மரமும் இல்லை. கறையான்தான் உண்டு! அதனால்தான் நம் பெரியவர்கள் சுவரை மண்ணிலும் கல்லிலும் எழுப்பி, மரத்தை மேலே கூரைக்கு வைத்தார்கள். பனங்கை போட்டு, ஓடு வேய்ந்தார்கள். தூணுக்கு அடியில் கல் வைத்தார்கள். மரம் மண்ணைத் தொடாமல் இருந்தது. நமக்கு ஏற்ற மர வீடு அதுதான். சுவர் முழுக்க மரம் வேண்டாம். கூரை, தூண், நிலை, கதவு மரத்தில் இருந்தால் போதும்.

சரி, எந்த மரம்? தேக்கு, வேம்பு, வாகை, பூவரசு எதுவானாலும் நடுவில் இருப்பது வைரம், அதைச் சுற்றி வெளியே இருப்பது வெளிறு. வெளிறுதான் பூச்சிக்குத் தீனி. வரப்பிலே வைத்த பதினைந்து வயசுத் தேக்கில் வெளிறுதான் அதிகம். தேக்கு என்ற பேரைக் கேட்டுக் கறையான் ஒதுங்கிப் போகாது. வைரத்தைக் கண்டுதான் தயங்கும். பனையில் இது தலைகீழ். வைரம் வெளிப்பக்கம், நடுவில் சோறு. இளம்பனையில் வைரம் மெல்லிசாக இருக்கும். முற்றின மரத்தின் அடிப்பாகம்தான் கைமரத்துக்கு ஆகும். சவுக்கு பந்தலுக்கும் கொட்டகைக்கும் சரி. மண்ணில் நட்டு வீட்டுத்தூணாக நம்பவேண்டாம்.

பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. தேக்கு முதலான மரங்களுக்கும் வனத்துறை விதிகள் உண்டு. மரம் உங்கள் பட்டா நிலத்தில் நின்றாலும், கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் கேட்டுக்கொண்டு வெட்டுங்கள். இதைவிட நல்ல வழி, பழைய வீடு பிரிக்கிற இடத்தில் கைமரமும் உத்திரமும் வாங்குவது. அது காய்ந்து இறுகின மரம். வாங்கும்போது சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே பொந்து. சுவருக்குள் புதைந்திருந்த முனையைக் குத்தூசியால் குத்திப் பாருங்கள். ஊசி சுலபமாக இறங்கினால் அந்த முனையை அறுத்துத் தள்ளுங்கள்.

புது மரமானால் காய வைப்பதுதான் முதல் வேலை. தேய்பிறையில் வெட்டவேண்டும் என்பார்கள். எந்தப் பிறையில் வெட்டினாலும் பச்சை மரம் பச்சை மரம்தான். காயும்போது மரம் அகலத்தில் சுருங்கும், நீளத்தில் அவ்வளவாகச் சுருங்காது. குளிர்நாட்டுக் கட்டைச் சுவர்கூட முதல் சில வருஷத்தில் சில அங்குலம் கீழே இறங்கிவிடும். அதனால் கதவுநிலைக்கு மேலே இடைவெளி விட்டே கட்டுவார்கள். நாம் பச்சையாக நிலை வைத்தால் சித்திரை வெயிலில் பொருத்து விட்டுப்போகும், கைமரம் வளையும்.

தை மாதம் வெட்டி, அறுத்து, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ரீப்பர் குச்சி வைத்தால் காற்று ஓடும். நிழலில்தான் அடுக்கவேண்டும். வெயிலில் போட்டால் வெடிக்கும். இரண்டு முனையிலும் பெயிண்ட் பூசுங்கள். ஒரு துண்டை அடையாளம் வைத்து, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். எடை குறைகிற வரைக்கும் மரம் காயவில்லை என்று அர்த்தம். அடுத்த தையில் கூரை ஏற்றினால், ஐப்பசி மழைக்கு முன்னே நிதானமாக வேலை முடியும்.

அடுத்தது பூச்சி. மரத்திலிருந்து மாவு கொட்டினால் உளுவண்டு. மண்கோடு ஏறினால் கறையான். வண்டுக்கும் கறையானுக்கும் சேர்த்து ஒரு மருந்து உண்டு. 100 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ போரிக் அமிலம், 3 கிலோ வெண்காரம் கரைத்து, அறுத்த சட்டங்களைச் சில நாள் ஊறவைத்து, நிழலில் உலர்த்துங்கள். மழைபட்டால் இது கரைந்துவிடும், கூரைக்கு உள்ளே இருக்கிற மரத்துக்கு மட்டுமே ஆகும். மிச்சத் தண்ணீரைப் பயிரிலோ கிணற்றுப் பக்கமோ கொட்டாதீர்கள். பிள்ளைகளையும் மாடுகன்றுகளையும் அண்டவிடாதீர்கள். முன்னே போட்ட பி.எச்.சி. பவுடர் 1997-லேயே தடை செய்யப்பட்டது. எங்காவது பழைய பொட்டலம் கிடந்தாலும் தொடவேண்டாம். எந்த மருந்து அடித்தாலும் மாசம் ஒரு தடவை சுவர் ஓரத்தைப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாகக் கணக்கு. உருட்டுமரத்தின் சுற்றளவை நாலில் ஒரு பங்காக்கி, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கனஅடி. 48 அங்குலச் சுற்று, 10 அடி நீளம் என்றால் 10 கனஅடி. அறுத்த சட்டத்துக்கு அகல அங்குலம், கன அங்குலம், நீள அடி மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்கவேண்டும். இதை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். இன்னொன்று. நாலுக்கு ரெண்டு அங்குலச் சட்டத்தைப் படுக்கையாகப் போடாமல், அகலப்பக்கம் செங்குத்தாக நிற்கும்படி வையுங்கள். அதே மரம் இரண்டு மடங்கு பாரம் தாங்கும். வளைவது நாலில் ஒரு பங்காகக் குறையும். இதற்குக் காசு எதுவும் கூடுதலாக ஆகாது.

ஆகவே, வீடு கட்ட நினைக்கிறவர்கள் கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு ஒரு வருஷம் முன்பே மரத்தைத் தயார் பண்ணத் தொடங்குங்கள். அவசரப்பட்டுப் பச்சை மரத்தை ஏற்றிவிட்டு, ஆடிக்காற்றிலும் ஐப்பசி மழையிலும் கூரையைப் பார்த்துப் பயந்துகொண்டு படுக்கவேண்டாம். ஒரு வருஷம் பொறுத்தால் உங்கள் பேரப்பிள்ளைகளும் அந்தக் கூரைக்கு அடியில் நிம்மதியாகத் தூங்குவார்கள்.