வாலில் நிற்கும் சிறு சொல்



இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவரிடம், "பாட்டியை அக்கா கவனித்துக்கொண்டார்" என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். சிரமமின்றி எழுதிவிடுவார். அதையே பாட்டியை முன்னால் வைத்து, செயப்பாட்டு வினையில் எழுதச் சொல்லிப் பாருங்கள். பலரும் 'கிரேண்ட்மா வாஸ் டேக்கன் கேர் பை மை சிஸ்டர்' என்று எழுதுவார்கள். காதுக்குச் சரியாகத்தான் படும். ஆனால், வழியில் ஒரு சொல் தொலைந்துவிட்டது. 'டேக்கன் கேர் ஆஃப் பை மை சிஸ்டர்' என்பதே சரி.

'ஆஃப்', 'பை' என்று இரண்டு சிறு சொற்கள் அடுத்தடுத்து வந்தால் நம் பிள்ளைகளுக்குக் கை தயங்குகிறது. ஒன்று போதும் என்று மற்றதை விட்டுவிடுகிறார்கள். இது கவனக்குறைவால் மட்டும் வருவதன்று. அவர்கள் வீட்டிலும் பள்ளியிலும் பேசும் மற்ற மொழிகளைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

தமிழில், "பாட்டி அக்காவால் கவனிக்கப்பட்டார்" என்கிறோம். 'ஆல்' என்ற ஓர் உருபு போதும். மலாயில், 'ஜாகா' என்ற சொல்லுக்கு முன்னால் 'டி' சேர்ந்து 'டிஜாகா ஓலே' என்றாகிறது. அங்கும் 'ஓலே' என்ற ஒரே ஒரு சிறு சொல்தான். இவ்விரு மொழிகளிலும் பழகிய பிள்ளை, ஆங்கிலத்திலும் ஒன்று போதும் என்று நினைப்பதில் வியப்பில்லை.

ஆங்கிலத்தின் கணக்கு வேறு. 'டேக் கேர் ஆஃப்' என்பதில் வினை, பெயர், முன்னிடைச்சொல் ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். செயப்பாட்டு வினைக்கு மாறும்போது குடும்பம் முழுவதும் சேர்ந்தே இடம் மாறும். 'ஆஃப்' அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. 'பை' செய்தவரைக் காட்டப் பின்னால் வந்து சேரும் விருந்தாளி. விருந்தாளி வந்துவிட்டார் என்பதற்காக வீட்டுப்பிள்ளையை வெளியே அனுப்பக்கூடாது.

'டேக் அட்வான்டேஜ் ஆஃப்', 'மேக் ஃபன் ஆஃப்', 'பே அட்டென்ஷன் டு' எல்லாம் இதே வகைதான். பெயர்ச்சொல் இல்லாத சிறு குடும்பங்களும் உண்டு. 'லாஃப் அட்' என்பது 'ஹீ வாஸ் லாஃப்ட் அட்' ஆகும். 'லுக் ஆஃப்டர்' என்பது 'ஷீ வாஸ் லுக்ட் ஆஃப்டர்' ஆகும். வாலில் நிற்கும் சிறு சொல்லை வெட்டினால் 'அவள் பார்க்கப்பட்டாள்' என்று பாதிப் பொருள் மட்டும் மிஞ்சும்.

நடுவில் பெயர்ச்சொல் இருக்கும் குடும்பத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. பாட்டியை முன்னால் வைப்பது போலவே, அந்தப் பெயர்ச்சொல்லையும் முன்னால் கொண்டுவரலாம். 'குட் கேர் வாஸ் டேக்கன் ஆஃப் கிரேண்ட்மா' என்பதும் சரியான ஆங்கிலமே. 'ஆஃப்' என்ற சொல் இடம் மாறினாலும் காணாமற்போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. 'பற்றிப் பேசினார்கள்' என்று தமிழில் சொல்லிப் பழகியதால், 'தி மேட்டர் வாஸ் டிஸ்கஸ்ட் அபௌட்' என்று எழுதுகிறார்கள். 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' அடங்கிவிட்டது. அங்கே 'அபௌட்' வேண்டாத சுமை.

ஒரே வினைச்சொல் பல சிறு சொற்களோடு கூடிப் பல பொருள் தருவதும் உண்டு. மேசை 'மேட் ஆஃப் வுட்'. மேசையைப் பார்த்தால் மரம் கண்ணுக்குத் தெரிகிறது. காகிதம் 'மேட் ஃபிரம் வுட்'. மரம் உருமாறிவிட்டது. செய்தவரைச் சொல்ல 'மேட் பை', செய்த நாட்டைச் சொல்ல 'மேட் இன்', யாருக்காகச் செய்தது என்று சொல்ல 'மேட் ஃபார்'. தமிழில் வேற்றுமை உருபு செய்யும் வேலையைத்தான் இவை செய்கின்றன. ஆனால், ஒன்றுக்கு ஒன்று பொருந்துவதில்லை.

'கத்தியால் வெட்டினான்' என்பதிலும் 'ஆல்'. 'திருடனால் வெட்டப்பட்டான்' என்பதிலும் 'ஆல்'. தமிழில் கருவிக்கும் ஆளுக்கும் ஒரே உருபு. ஆங்கிலத்தில் ஆளுக்கு 'பை', கருவிக்கு 'வித்'. கத்தி தானாக எழுந்து வெட்டாது என்பதை அந்த மொழி சிறு சொல்லிலேயே பிரித்துக் காட்டுகிறது. அதுபோல, 'அவருடன் திருமணம்' என்று தமிழிலும், 'பெர்காவின் டெங்கான்' என்று மலாயிலும் சொல்வதால், 'மேரிட் வித்' என்று எழுதத் தோன்றும். ஆங்கிலத்தில் 'மேரிட் டு' என்பதே வழக்கு.

இவையெல்லாம் தேர்வில் ஒன்றிரண்டு புள்ளிகள் குறையும் விஷயந்தானே என்று பெற்றோர் நினைக்கலாம். அதோடு முடிவதில்லை. நீதிமன்றச் செய்தியைப் படித்துப் பாருங்கள். சிறு சொல்லின் கனம் அங்கே தெரியும்.

'சஸ்பெக்டட் ஆஃப்' என்றால் சந்தேகம் மட்டுமே. 'சார்ஜ்ட் வித்' என்றால் நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டிருக்கிறார். 'கன்விக்டட் ஆஃப்' என்றால் குற்றவாளி எனத் தீர்ப்பாகிவிட்டது. 'சென்டென்ஸ்ட் டு' என்றால் தண்டனை விதிக்கப்பட்டது. 'அக்விட்டட் ஆஃப்' என்றால் விடுவிக்கப்பட்டார். எல்லாமே செயப்பாட்டு வினைகள். ஒவ்வொன்றும் ஒரு படி. படி மாற்றிப் படித்தால் ஒரு மனிதரின் மானம் போய்விடும். குற்றஞ்சாட்டப்பட்டவரைத் தீர்ப்புக்கு முன்பே 'குற்றவாளி' என்று தமிழில் சொல்லிவிடுவது இந்தப் படிகளைக் கவனிக்காததால் வரும் வினை.

'சார்ஜ்ட் வித்' என்பதை 'சார்ஜ்ட் ஃபார்' என்று மாற்றினால், கடையில் ஒரு பொருளுக்குக் கட்டணம் வாங்கியது போலவும் பொருள்படும். 'நோன் ஃபார் ஹிஸ் வொர்க்' என்றால் தம் பணியால் பெயர் பெற்றவர். 'நோன் டு த போலீஸ்' என்றால் போலீசாரின் கவனத்துக்கு முன்பே வந்தவர். ஒரு சிறு சொல்தான் பாராட்டையும் சந்தேகத்தையும் பிரிக்கிறது.

வேலையிடத்திலும் இப்படித்தான். முதலாளி தம் நிலைமையைப் பயன்படுத்திச் சுரண்டினார் என்று புகார் எழுதும் தொழிலாளி, 'ஐ வாஸ் டேக்கன் அட்வான்டேஜ்' என்று நிறுத்திவிட்டால், படிக்கும் அதிகாரிக்கு வாக்கியம் பாதியில் அறுந்து நிற்கும். 'டேக்கன் அட்வான்டேஜ் ஆஃப் பை மை எம்ப்ளாயர்' என்று எழுதும்போதுதான் புகாரும் முழுமையாகிறது, செய்தவரும் தெரிகிறார்.

பேச்சு வழக்கில் நம் இளையோருக்கு 'கெனா' இருக்கிறது. 'கெனா சமன்', 'கெனா ஸ்கோல்டட்' என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. தமிழில் 'அடிபட்டான்', 'ஏச்சு வாங்கினான்' என்பது போல, வேண்டாத ஒன்று நேர்ந்தது என்று அது காட்டுகிறது. நண்பர்களிடையே அதில் தவறில்லை. ஆனால், விண்ணப்பத்திலும் புகார்க் கடிதத்திலும் தேர்விலும் 'கெனா' உதவிக்கு வராது. அங்கே 'வாஸ் ஸ்கோல்டட் பை', 'வாஸ் ஃபைன்ட் ஃபார்' என்று முழுதாக எழுதியாக வேண்டும்.

இதைப் பழக எளிய வழி ஒன்று உண்டு. புதிய சொல்லை நோட்டுப் புத்தகத்தில் தனியாக எழுதாமல் குடும்பத்தோடு எழுத வேண்டும். 'கேர்' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. 'டேக் கேர் ஆஃப்' என்று எழுதி, அதன் கீழே செயப்பாட்டு வினையில் ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும். நாளுக்கு இரண்டு குடும்பங்கள் போதும். மாதத்தில் அறுபது சேர்ந்துவிடும். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "வால் இருக்கிறதா, ஐயா?" என்று கேட்டாலே போதும், பிள்ளை திரும்பிப் பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. அலுவலகங்களிலிருந்து வரும் பதில்களில், 'தி மேட்டர் வில் பி லுக்ட் இன்டு' என்ற வாக்கியம் அடிக்கடி இருக்கும். விஷயம் கவனிக்கப்படும் என்று பொருள். 'இன்டு' சரியாக இருக்கிறது, இலக்கணத்தில் குறையில்லை. ஆனால், 'பை' எங்கே? யார் கவனிப்பார்கள்? அந்தச் சொல்லை விட்டுவிட ஆங்கிலம் இடம் தருகிறது. பொறுப்பை ஏற்க விரும்பாதவர்களுக்கு அது நல்ல மறைவிடம். செயப்பாட்டு வினையை முறையாகக் கற்ற பிள்ளைக்கு அந்த வெற்றிடம் கண்ணில் படும். 'பை ஹூம்?' என்று பணிவோடு திருப்பிக் கேட்கவும் துணிவு வரும்.