தகரக் கூரைக்கும் பசுமை வேண்டும்
(சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே! 2003-ல் ஐதராபாத் சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 'பிளாட்டினம்' பசுமைச் சான்று பெற்றது. கோத்ரெஜ் அறக்கட்டளையும் அரசும் தொழிலதிபர் கூட்டமைப்பும் கைகோத்து எழுப்பிய கட்டடம். பாராட்டுகிறோம்.

ஆனால் தாராவியில் தகரக் கூரையின் கீழ் வேகிறோமே, நமக்கு என்ன வழி? 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, பெரிய கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. அந்தப் பணிகளின் பட்டியலில் சுற்றுச்சூழலும் உண்டு. குடிசைப் பகுதி மேம்பாடும் உண்டு. கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் வெயில் திரும்பும், உள்ளே சூடு தணியும். இரண்டும் ஒரே வேலையில் முடிகிறது!

எங்கே செலவிடுவது என்பதைக் கம்பெனியே முடிவு செய்கிறது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நாம் கேட்பது பிச்சையல்ல. தெருத் தெருவாகக் கையெழுத்துத் திரட்டுவோம், வாருங்கள்!