நோட்டீஸ் வந்த பிறகு ஓடி வராதீர்கள்!

(மண்ணடியில் வியாபாரிகளும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கடையை அடைத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் வியாபாரப் பெருமக்களே, சமுதாயத்தின் நாளைய தூண்களான இளைஞர்களே!

இன்று நான் பேசப் போவது நம்முடைய தெருவைப் பற்றி. 'ஹஜ்ரத்துக்கும் தெருவுக்கும் என்ன சம்பந்தம்?' என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சில மாதங்களுக்கு முன்பு இஷா தொழுதுவிட்டுக் கிளம்பும்போது ஒரு வியாபாரி என் கையைப் பிடித்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டி, 'நாளைக்குக் கடைக்கு சீல் வைக்க வருகிறார்களாம், யாரிடமாவது பேசுங்கள் ஹஜ்ரத்' என்றார். தேதியைப் பார்த்தேன். அந்த நோட்டீஸ் வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் படிக்காமல் கல்லாப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்! பதில் கொடுக்க ஒரு மாதம் அவகாசம் இருந்தது. அந்த ஒரு மாதமும் கல்லாவுக்குள்ளேயே கழிந்துவிட்டது. மறுநாள் பூட்டு விழுந்தது. அனுமதியில்லாமல் மேலே ஒரு தளம் எழுப்பியிருந்தார். தவறு அவர் பக்கமும் இருந்தது. ஆனால் அந்தக் கடையை நம்பி அன்றாடம் அடுப்பு எரிந்த ஏழு வீடுகளில் உள்ளவர்கள் என்ன தவறு செய்தார்கள்?

சகோதரர்களே! இது ஒருவருடைய கதை என்று நினைக்காதீர்கள். இந்தப் பகுதியின் கதையே இதுதான்.

கொத்தவால் சாவடி என்று சொன்னாலே காய்கறி என்று ஊருக்கே தெரிந்த காலம் ஒன்று இருந்தது. 1996ஆம் ஆண்டு அந்த மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. இங்கிருந்து புறப்பட்டுக்கொண்டிருந்த வெளியூர்ப் பேருந்துகள் 2002ஆம் ஆண்டு கோயம்பேட்டுக்குப் போயின. இரும்பு வியாபாரத்துக்குச் சாத்தாங்காடு, லாரிகளுக்கு மாதவரம் என்று இடம் ஒதுக்கினார்கள். இவையெல்லாம் ஒரே இரவில் எடுத்த முடிவுகளா? இல்லை. ஜார்ஜ் டவுன் நெரிசலைக் குறைக்க மொத்தச் சந்தைகளை வெளியே கொண்டுபோக வேண்டும் என்பது 1970களின் நடுவில் வந்த முதல் மாஸ்டர் பிளானிலேயே இருந்த யோசனை. காய்கறிச் சந்தை கிளம்பியதோ ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து! இருபது ஆண்டு முன்னறிவிப்பு கிடைத்த விஷயத்தில் எத்தனை பேர் ஆயத்தமாக இருந்தார்கள்? சாமான்களை லாரியில் ஏற்றும் நாளில்தான் பலருக்குச் செய்தியே புரிந்தது. அவர்களை நம்பித் தெருவோரம் டீக்கடை, சாக்குக் கடை, கைவண்டி வைத்திருந்த ஏழைகளுக்கு அதுவும் புரியவில்லை.

மாஸ்டர் பிளான் என்றால் என்ன? எந்தத் தெரு குடியிருப்புக்கு, எந்தத் தெரு வணிகத்துக்கு, எந்தச் சாலை எத்தனை அடி அகலமாக வேண்டும் என்று ஊருக்கே எழுதி வைக்கும் தலையெழுத்து அது. முழுமைத் திட்டம் என்று தமிழில் சொல்கிறார்கள். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ., அதைத் தயாரிக்கிறது. இரண்டாவது திட்டம் 2008ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 2026ஆம் ஆண்டைக் கணக்கில் வைத்து எழுதப்பட்டது. அதற்கடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாவது திட்டத்துக்காக 2022 வாக்கிலேயே பொதுமக்களிடம் கருத்துக் கேட்கத் தொடங்கினார்கள். கையைத் தூக்குங்கள் பார்க்கலாம், இந்தக் கூட்டத்தில் ஒரு கடிதம் எழுதியவர் எத்தனை பேர்?

பாருங்கள், ஒரு கையும் உயரவில்லை. என் கையும் உயரவில்லை. அந்த வெட்கத்தோடுதான் இங்கே நிற்கிறேன்.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? முழுமைத் திட்டத்தின் வரைவைத் தயாரித்தால் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் ஆட்சேபணையும் யோசனையும் தரலாம். அதற்கு இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை, கட்சிக்காரராக இருக்க வேண்டியதில்லை. பேனாவும் ஒரு வெள்ளைத் தாளும் போதும். அந்த இரண்டு மாதத்தில் வாய் மூடிக் கிடந்துவிட்டு, பொக்லைன் வந்த பிறகு மறியல் செய்தால் யாருக்கு லாபம்?

இனி, கசப்பான ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டு தீபாவளி முடிந்த சில நாட்களில் தி.நகர் ரங்கநாதன் தெருவில் பெரிய பெரிய கடைகளுக்கெல்லாம் சீல் வைத்தார்கள். கோடிக்கணக்கில் வியாபாரம் செய்தவர்கள், பொங்கலுக்குள் கடையைத் தற்காலிகமாகவாவது திறக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியதாயிற்று. விதி மீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்த அரசு சில வாய்ப்புகளைத் தந்தது உண்மை. 1999 பிப்ரவரி 28க்கு முந்தைய கட்டடங்களுக்கு ஒரு வாய்ப்பு. பிறகு 2007 ஜூலை 1க்கு முந்தையவற்றுக்கு இன்னொரு வாய்ப்பு. இடையில் தேதியை ஆண்டுதோறும் தள்ளிக்கொண்டே போனதை 2006ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 'எப்படியும் ஒருநாள் அபராதம் கட்டி ரெகுலரைஸ் செய்துவிடலாம்' என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். அனுமதி இரண்டு மாடிக்கு வாங்கி நான்கு மாடி எழுப்புகிறவர், மாடிப்படியில் சரக்கை அடுக்கி வைக்கிறவர் சட்டத்தை மட்டுமா ஏமாற்றுகிறார்? தீப்பிடித்தால் அந்தப் படியில் இறங்கி ஓட வேண்டியது அவருடைய கடைப் பையன்தான்!

நடைபாதை நம் கடையின் நீட்சியா? ஷட்டருக்கு வெளியே மூன்றடி, அதற்கு மேல் தகரக் கூரை, அதற்கு வெளியே பைக். கர்ப்பிணிப் பெண்ணும் முதியவரும் நடுரோட்டில் லாரிக்கு ஒதுங்கி நடக்கிறார்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் ஒரு பகுதி என்று கற்றுத் தந்தவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பாதையின் அகலத்தில் தகராறு வந்தால் ஏழு முழம் விட வேண்டும் என்றும் தீர்ப்புச் சொன்னார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் கூஃபா நகரம் எழும்பியபோது பெரிய வீதிகளுக்கு நாற்பது முழம், அடுத்தவற்றுக்கு முப்பது, இருபது, சந்துகளுக்கு ஏழு முழம் என்று அளந்து வைத்ததாக வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்கிறார். ஏழு முழம் என்றால் ஏறக்குறைய பத்தரை அடி. நம்முடைய சந்துகளில் அந்தப் பத்தரை அடி இருக்கிறதா? அளந்து பாருங்கள்!

ஆகவே நான்கு வேலைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, வியாபாரிகள் தங்கள் கட்டடத்தின் அனுமதி வரைபடத்தைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். எந்த நோட்டீஸ் வந்தாலும் அன்றைக்கே படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பதில் கொடுக்கவும் மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு; தேதி தாண்டினால் அந்த வழி அடைபடும்.

இரண்டாவது, தெருவோர வியாபாரிகளை நம் போட்டியாளர்களாகப் பார்க்காதீர்கள். அவர்களுக்கென்று 2014ஆம் ஆண்டில் சட்டம் வந்திருக்கிறது. முப்பது நாள் நோட்டீஸ் தராமல் அப்புறப்படுத்தக் கூடாது. பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் தர வேண்டும். அபராதம் கட்டியதும் காய்கறி, பழம் போன்றவற்றை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்றவற்றை இரண்டு வேலை நாளில். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது இடம் அவர்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கு. இதை அந்தத் தள்ளுவண்டிக்காரரிடம் சொன்னவர் யார்?

மூன்றாவது, ஏரியா சபை. கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்துக்கு இது. 2022 நவம்பர் 1 அன்று தமிழகமெங்கும் இந்தக் கூட்டங்கள் நடந்தன. அந்தப் பகுதியின் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் அதில் உட்காரவும் பேசவும் உரிமை உண்டு. குப்பை, கழிவுநீர், தெருவிளக்கு, சரக்கு இறக்கும் நேரம் எல்லாவற்றையும் அங்கே சொல்லுங்கள். கவுன்சிலர் கூட்டத்தைக் கூட்டவில்லையென்றால் ஏன் என்று எழுதிக் கேளுங்கள். அடுத்த வீட்டு இந்துச் சகோதரரையும் சவுகார்பேட்டை ஜெயின் வியாபாரியையும் கூட்டிக்கொண்டு போங்கள். சாக்கடை நிரம்பினால் எல்லோர் வீட்டு வாசலிலும்தான் நாறுகிறது.

நான்காவது, இளைஞர்களுக்கு. உங்களில் ஐந்து பேர் வேண்டும். அரசிதழ், நாளிதழ், சி.எம்.டி.ஏ., மாநகராட்சி அறிவிப்புகளை வாரம் ஒருமுறை பார்த்து, நம் பகுதி சம்பந்தப்பட்டதைத் தமிழில் நான்கு வரி எழுதிப் பள்ளிவாசல் பலகையிலும் வியாபாரிகள் சங்கப் பலகையிலும் ஒட்ட வேண்டும். 2019இல் மண்ணடிக்கு மெட்ரோ ரயில் வந்தது. பிராட்வே பேருந்து நிலையத்தையும் குறளகத்தையும் சேர்த்துப் பெரிய வளாகம் எழுப்பும் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. இவை வந்தால் இடத்தின் விலை ஏறும், வாடகை ஏறும், சிறு கடைக்காரர் நிற்க முடியுமா என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியை அதிகாரிகள் முன்பு இப்போதே, மரியாதையாக, எழுத்தில் வைக்க வேண்டும்.

அல்லாஹ் நமக்கு அறிவைத் தந்திருக்கிறான். நாட்டின் சட்டம் உரிமையைத் தந்திருக்கிறது. கல்லாப் பெட்டிக்குள் மடித்து வைக்க வேண்டியது பணத்தைத்தான், நோட்டீஸை வைக்காதீர்கள். கூட்டம் முடிந்ததும் அந்த ஐந்து இளைஞர்கள் மேடைக்கு அருகில் வந்து பெயர் தாருங்கள். நான் இங்கேயே காத்திருக்கிறேன்.